வானிலிருந்து ஒரு பாடம்: சரே பல்கலைக்கழகத் துணைக்கோளும் கேட்டலின் சிறப்பும்

முன்னுரை

மாணவன் ஆசிரியரிடம் பாடம் படித்தான் என்பதைக் காட்டிலும் பாடம் கேட்டான் என்பதே தமிழின் பழைய வழக்கு. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் உ.வே. சாமிநாதையர் பாடம் கேட்டார் என்றே இன்றும் எழுதுகிறோம். திருக்குறள் கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு நில்லாது, கேள்விக்கெனத் தனியே மற்றோர் அதிகாரமும் வகுத்துள்ளது. இஸ்லாமிய மரபிலும் கேட்டலுக்கு உயர்ந்த இடம் உண்டு. திருமறை ஓதப்பட்டது, ஓதியதைச் செவிமடுத்தோர் நெஞ்சில் பதித்தனர். நபிமொழிகள் கேட்டவர் வாயிலாகவே தலைமுறை தலைமுறையாக வந்து சேர்ந்தன.

கேட்டலைப் பற்றிய இச்சிந்தனைக்குப் புதியதோர் உரைகல்லாக, பல்கலைக்கழகம் ஒன்று தன் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய சிறிய துணைக்கோள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தமிழ்த்துறை மலரில் துணைக்கோளுக்கு என்ன இடம் என்று சிலர் வினவலாம். உலகத்தார் அனைவரும் கேட்கவேண்டும் என்பதற்காகவே அமைக்கப்பட்ட கோள் அது. அதன் வரலாற்றில் பொறியியல் மாணவர்க்கு உள்ள பாடத்தினும் மொழி பயில்வோர்க்கு உள்ள பாடம் குறைந்ததன்று என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரும் பொருளும்

வானொலியைத் தொழிலாகக் கொள்ளாமல், ஊதியம் கருதாமல், அறிவு வேட்கையால் பயில்வோர் உலகெங்கும் உள்ளனர். உரிய தேர்வு எழுதி, அரசின் உரிமம் பெற்று, தமக்கென ஒதுக்கப்பட்ட அலைவரிசைகளில் ஒருவரோடொருவர் உரையாடுவோர் இவர்கள். மக்கள் வழக்கில் இவர்களை 'ஹாம்' என்பர். 'அமெச்சூர்' என்ற சொல்லின் வேர், அன்பு செலுத்துதல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லாகும். ஆதலின் 'ஆர்வலர் வானொலி' என்னும் தமிழாக்கம் பொருத்தமுடையது. ஆர்வம் என்பதிலும் அன்பு அடங்கியிருக்கிறது அல்லவா?

இவ்வார்வலர்க்கு இரு கட்டுப்பாடுகள் உள்ளன. தம் அலைவரிசையை வாணிகத்திற்குப் பயன்படுத்தலாகாது. பிறர்க்குப் பொருள் விளங்காவண்ணம் மறைமொழியில் செய்தி அனுப்பலாகாது. துணைக்கோளை இயக்கும் கட்டளைகளுக்கு மட்டுமே இதில் விலக்கு உண்டு. எவரும் கேட்கலாம், எவர்க்கும் விளங்கவேண்டும் என்பதே இவ்வானொலியின் அடிப்படை அறம்.

'ஆர்வலர் வானொலியைச் சுமந்து சுற்றும் துணைக்கோள்' எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைக் கூட்டி 'ஆஸ்கர்' என்று பெயரிட்டனர். சரே பல்கலைக்கழகத்தின் முதற்கோளுக்கு 'யூஓசாட் 1' என்பது இயற்பெயர். 'ஆஸ்கர் 9' என்பது வரிசைப்பெயர்.

முன்னோடிகள்

ஆஸ்கர் வரிசையின் முதற்கோள் 1961 டிசம்பர் 12 அன்று அமெரிக்காவிலிருந்து ஏவப்பட்டது. உலகின் முதற் செயற்கைத் துணைக்கோளான ஸ்புட்னிக் 1 பறந்து அப்போது நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. அரசுகளுக்கே உரியதென்று கருதப்பட்ட விண்வெளிக்குள் தனிமனிதர் சிலரின் கைவண்ணம் புகுந்தது. அது மோர்ஸ் குறிப்பில் 'ஹை' என்னும் இரண்டெழுத்து வாழ்த்தை மட்டும் திரும்பத் திரும்ப ஒலித்தது. அவ்வொலியின் வேகம் கோளின் வெப்பநிலைக்கேற்ப மாறும். ஆகவே வாழ்த்தைக் கேட்டவர் கோளின் உடல்நலத்தையும் அறிந்தனர்.

அடுத்து நினைக்கத்தக்கது ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் பல்கலைக்கழக மாணவர்கள் உருவாக்கிய 'ஆஸ்திராலிஸ் ஆஸ்கர் 5'. 1970 ஜனவரி 23 அன்று ஏவப்பட்ட அதன் எடை 18 கிலோவுக்கும் குறைவு. அதற்குச் சூரியத் தகடுகள் இல்லை. மின்கலம் தீரும்வரையே ஆயுள். தச்சர் பயன்படுத்தும் எஃகு அளவுநாடாவை ஒத்த நாடாக்களே அதன் ஆன்டெனாக்கள். சுருட்டி வைத்தால் அடங்கும், விட்டால் நிமிரும் என்னும் எளிய இயல்பை மாணவர் மதிநுட்பம் விண்வெளிக்குக் கொண்டு சென்றது.

சரே பல்கலைக்கழகத்தின் முயற்சி

இங்கிலாந்தின் கில்ஃபோர்டு நகரில் உள்ளது சரே பல்கலைக்கழகம். மாணவப் பருவத்திலேயே ஆர்வலர் வானொலியில் ஈடுபட்டிருந்த மார்ட்டின் ஸ்வீட்டிங் என்னும் இளம் ஆய்வாளர், 1970களின் இறுதியில், துணைக்கோள் ஒன்றைப் பல்கலைக்கழகத்திலேயே செய்துவிடலாம் என்று துணிந்தார். விண்வெளிக்கெனத் தனியே செய்யப்படும் உறுப்புகளின் விலை மிக அதிகம். எனவே அங்காடியில் கிடைக்கும் மின்னணு உறுப்புகளைத் தேர்ந்து சோதித்துப் பயன்படுத்துவது என்று முடிவாயிற்று. மின்சுற்றுப் பலகைகளின் வரைவு அடுக்களை மேசையின் மீது கையால் இடப்பட்டது.

50 கிலோவுக்குச் சற்று மிகுந்த எடையுடைய அக்கோள் 1981 அக்டோபர் 6 அன்று, கலிஃபோர்னியாவின் வாண்டன்பர்க் தளத்திலிருந்து டெல்டா ராக்கெட்டில் ஏவப்பட்டது. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் ஆய்வுக்கோள் ஒன்றுக்குத் துணைப் பயணியாக அது கட்டணமின்றி ஏற்றிச் செல்லப்பட்டது. தரையிலிருந்து ஏறத்தாழ 540 கி.மீ. உயரத்தில், துருவங்களை ஒட்டிய பாதையில், சுமார் 95 நிமிடத்திற்கு ஒருமுறை அது உலகை வலம் வந்தது. தரையிலிருந்து புதிய நிரல்களை ஏற்றி மாற்றியமைக்கத்தக்க கணிப்பொறியைச் சுமந்த முதற் கோள்களுள் அதுவும் ஒன்று. இன்று நாம் இயல்பாகக் கருதும் இவ்வசதி அன்று புதுமையாகும்.

கேட்பவர் கருவியறிந்து பேசிய கோள்

இக்கோளின் தனிச்சிறப்பு அதன் குரலில் உள்ளது. ஆர்வலர் அலைவரிசையில் 145.825 மெகாஹெர்ட்ஸ் அலைவெண்ணில், பண்பலை முறையில் அது ஒலிபரப்பியது. உயர்ந்த கருவிகளால் மட்டுமே ஏற்கத்தக்க முறைகள் பல இருந்தும், எளிய ரிசீவரும் சிறிய ஆன்டெனாவும் உடையவர் கேட்கும் வகையில் இம்முறை தெரிந்தெடுக்கப்பட்டது. பள்ளிகளும் கல்லூரிகளும் பயன்பெற வேண்டும் என்பது தொடக்கத்திலேயே கொண்ட குறிக்கோள்.

கோளின் வெப்பம், மின்னழுத்தம், அது சுமந்த அளவுகருவிகள் கண்ட புவிக்காந்த நிலை முதலியன எண்களாக ஒலிபரப்பாயின. அவ்வெண்களை எழுத்தாக மாற்றும் கருவி இல்லாதவர்க்கெனப் பேச்சுக் கருவி ஒன்றும் கோளில் வைக்கப்பட்டிருந்தது. முன்னரே பதித்த சொற்களை இணைத்து, எண்களை மனிதக் குரல்போல் அது வாய்விட்டுச் சொல்லும். காகிதமும் எழுதுகோலும் உடைய பள்ளிச் சிறுவனும் கோளின் அளவுகளைக் குறித்துக்கொள்ளலாம்.

கேட்பவன் ஓர் ஒழுக்கத்தையும் பழகவேண்டியிருந்தது. கோள் அடிவானில் தோன்றி மறைவதற்குள் கிடைப்பது பன்னிரண்டு நிமிட அளவே. எப்போது வரும் என்று கணக்கிட்டு முன்கூட்டிக் காத்திருக்கவேண்டும். நம்மை நோக்கி வரும் புகைவண்டியின் ஊதல் கூர்மையாகவும், விலகிச் செல்கையில் தணிந்தும் கேட்பதுபோல், கோளின் அலைவெண்ணும் வரும்போது சற்று உயர்ந்தும் போகும்போது சற்றுத் தாழ்ந்தும் ஒலிக்கும். இம்மாற்றம் இருபுறமும் ஏறத்தாழ 3 கிலோஹெர்ட்ஸ் அளவுக்கு இருக்கும். இயற்பியல் நூலில் டாப்ளர் விளைவு என்று படிப்பதைத் தன் செவியாலேயே கேட்டறிந்த மாணவன், அதனை மறப்பது அரிது.

கேட்பவரிடம் உள்ள கருவி எதுவோ அதற்கேற்பச் சொல்லும் இவ்வழி நம் முன்னோர்க்குப் புதியதன்று. அரபு எழுத்தறிந்து தமிழ் எழுத்தறியாத மக்கள் நம் கடற்கரை ஊர்களில் வாழ்ந்த காலத்தில், தமிழ் மொழியை அரபு எழுத்தில் வடித்து அறபுத்தமிழ் என்னும் வாயிலைத் திறந்தனர் ஆலிம்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்றோர் அவ்வெழுத்தில் நூல்கள் இயற்றினர். மக்கள் முதலில் மற்றோர் எழுத்தைக் கற்று வரட்டும் என்று அப்பெரியோர் காத்திருக்கவில்லை. மக்கள் கையிலிருந்த கருவிக்குள் தம் அறிவை இறக்கினர். சரே கோளை அமைத்தோர் அலைவெண்ணில் செய்ததும் இதுவே.

தன் குரலால் செவி மழுங்கிய கோள்

கோள் பறந்து ஆறு மாதங்கள் சென்றபின், 1982 ஏப்ரலில், பெருந்துன்பம் ஒன்று நேர்ந்தது. கோளுக்கு 145 மெகாஹெர்ட்ஸ் வரிசையில் ஒன்றும் 435 மெகாஹெர்ட்ஸ் வரிசையில் ஒன்றுமாக இரு முதன்மை ஒலிபரப்பிகள் இருந்தன. நிரலில் நேர்ந்த பிழையால் இரண்டும் ஒருசேர இயங்கத் தொடங்கின. அதனால் கோளின் சொந்த ஒலிபரப்பே அதன் ரிசீவர்களை மூழ்கடித்தது. தரையிலிருந்து எத்தனை முறை 'ஒன்றை நிறுத்து' என்று கட்டளை அனுப்பியும் கோளுக்குக் கேட்கவில்லை. அதன் குரல் மட்டும் ஓயாது ஒலித்துக்கொண்டிருந்தது.

பழுதென்று சொல்லத்தக்க உறுப்பு எதுவும் அதில் இல்லை என்பதை நாம் ஊன்றி நோக்கவேண்டும். சூரியத் தகடுகள் மின்சாரம் அளித்தன, கணிப்பொறி இயங்கியது, குரல் தெளிவாக இருந்தது. செவியும் கெடவில்லை. இரு வாயாலும் ஒருங்கே பேசியதால் செவி பயனற்றுப் போயிற்று. கற்றோர் அவைகளிலும் இயக்கங்களிலும் இல்லங்களிலும் இந்நோயை நாம் கண்டதில்லையா? அறிவும் ஆற்றலும் குறைவற இருந்தும், தம் குரலே தம் செவியை நிறைத்துவிட, திருத்தும் சொல் எதுவும் உள்ளே புகாமல் சுழன்றுகொண்டிருப்போர் எத்தனை பேர்!

ஐந்து மாதங்கள் கழிந்தன. 1982 செப்டம்பரில், கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு அருகிலுள்ள எஸ்.ஆர்.ஐ. ஆய்வு நிறுவனத்தின் பெரிய தட்டு ஆன்டெனா உதவிக்கு வந்தது. 150 அடி விட்டமுடைய அப்பெருந்தட்டின் வாயிலாக, ஆர்வலர்கள் கட்டளையைக் குவித்து அனுப்பினர். கோளின் சொந்த இரைச்சலையும் கடந்து அக்கட்டளை உள்ளே சென்றது. ஒரு குரல் ஓய்ந்தது; உடனே செவி திறந்தது. கடலுக்கு அப்பால் எவரோ செய்த கோளுக்காக உழைத்த அவ்வார்வலர்கள் கைம்மாறு கருதியவர்கள் அல்லர். மீட்கப்பட்ட கோள் மேலும் ஏழாண்டுகள் பணியாற்றி, 1989 அக்டோபர் 13 அன்று வளிமண்டலத்தில் புகுந்து எரிந்தது.

பேசாத கோளைக் கேட்டறிந்த விதம்

இரண்டாம் கோளான யூஓசாட் 2, 1984 மார்ச் 1 அன்று லேண்ட்சாட் 5 என்னும் புவிநோக்குக் கோளுடன் ஏவப்பட்டது. ஏவும் வாய்ப்புத் திடீரெனக் கிட்டியமையால் ஏறத்தாழ ஆறே மாதங்களில் அதனைச் செய்து முடித்தனர். முதற்கோள் பேச்சை நிறுத்தாமல் வருத்தியது. இக்கோளோ விண்ணை அடைந்த சிறிது நேரத்திலேயே பேச்சை நிறுத்தி வருத்தியது. உயிருடன் இருக்கிறதா, அன்றி இறந்துவிட்டதா என்பதே தெரியவில்லை.

இங்கே நுட்பமான உண்மை ஒன்று கைகொடுத்தது. இத்தகைய ரிசீவர் தன் பணிக்கெனத் தனக்குள்ளே மெல்லிய அலை ஒன்றை உண்டாக்கிக்கொள்ளும். அவ்வலையின் மிகச் சிறு பகுதி வெளியே கசியும். கிரீன்லாந்தில் ஆய்வுக்கென அமைந்திருந்த பெருந்தட்டு ஆன்டெனாவைக் கோளை நோக்கித் திருப்பி அக்கசிவைத் தேடினர், கண்டனர். கோள் பேசவில்லை, ஆனால் கேட்கக் காத்திருக்கிறது என்பது அதனால் உறுதியாயிற்று. நம்பிக்கையோடு கட்டளைகளைத் தொடர்ந்தனர். சில வாரங்களில் கோள் மீண்டது. 2009இல் கால் நூற்றாண்டு நிறைவுற்ற பின்னும் அதன் குரல் ஆர்வலர் செவிகளில் விழுந்தது.

வகுப்பறையில் வாய் திறவாமல் அமர்ந்திருக்கும் மாணவர் சிலரை நாம் அறிவோம். பேசாதவன் என்றும் பயன்படாதவன் என்றும் அவனை ஒதுக்கிவிடுவது எளிது. அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்பதைக் காட்டும் மெல்லிய கசிவு ஒன்று அவன் கண்ணிலோ, ஏட்டின் ஓரக் குறிப்பிலோ இருக்கும். அதனைக் கண்டுகொள்ளும் அளவுக்குத் தம் செவியைப் பெரிதாக்கிக்கொள்வது ஆசிரியர் கடமையாகும்.

பனிவெளியில் கேட்ட குரல்

1988இல் சோவியத் நாட்டினரும் கனடா நாட்டினருமாகப் பதின்மூவர், சோவியத் கரையிலிருந்து வடதுருவம் கடந்து கனடா நோக்கிப் பனிச்சறுக்கில் பயணம் செய்தனர். திசையெங்கும் ஒரே வெண்மையாக உள்ள அப்பனிவெளியில் அவர்கள் நிற்கும் இடத்தை அவர்களுக்கே அறிவிக்கும் பணியில் யூஓசாட் 2 பங்கேற்றது. அவர்கள் இருந்த இடத்தின் அளவுகளைத் தரைநிலையத்தார் கோளுக்கு ஏற்றினர். கோள் தன் பேச்சுக் கருவியால் அதனை வாய்விட்டு அறிவித்தது. அப்பயணிகள் சிறிய ரிசீவரில் கேட்ட அதே சொற்களைப் பல நாட்டுப் பள்ளி மாணவரும் தம் வகுப்பறைகளில் கேட்டு, நிலப்படத்தில் புள்ளியிட்டு அவர்களைப் பின்தொடர்ந்தனர். பனிப்போர்க் காலத்தில் இரு முகாம்களைச் சார்ந்த நாட்டவர் ஒரே குரலை நம்பி நடந்தனர் என்பது எண்ணத்தக்கது.

கேட்டவர் அறிவித்த மரபு

ஆர்வலர் வானொலியில் கேட்பதோடு கடமை முடிவதில்லை. கேட்டவர் அறிக்கை அனுப்பவேண்டும். எந்நாள், உலகப் பொதுநேரப்படி எந்நேரம், எவ்வலைவெண், ஒலியின் வலிமை எவ்வளவு, எவ்விடத்திலிருந்து கேட்டது என்பனவற்றை எழுதுவர். அதனைச் சரிபார்த்து உறுதிசெய்யும் அட்டை பின்னர் வரும். ஒரு கோளைத் தன் நாட்டின் மேலே செல்லும்போது மட்டுமே தரைநிலையம் நேரே கேட்க இயலும். பிற இடங்களில் அதன் நிலை என்ன என்பதைத் தொலைவிலுள்ள ஆர்வலரின் அறிக்கைகளே நிறைவு செய்தன.

நபிமொழிக் கலை பயின்றோர்க்கு இம்முறை உறவுடையதாகத் தோன்றும். யார் சொன்னார் என்பதோடு, யாரிடமிருந்து கேட்டார், அவர் நம்பத்தக்கவரா, இருவரும் சந்தித்திருக்க இயலுமா என்று அறிவிப்பாளர் தொடரை ஆராய்ந்தே அறிஞர்கள் செய்தியை ஏற்றனர். பயன் வேறு, பொருள் வேறு, புனிதம் வேறு. இரண்டையும் ஒன்றென்று நாம் கூறவில்லை. எனினும் கேட்டதைக் கூட்டாமலும் குறைக்காமலும், கேட்ட சூழலோடு சேர்த்துச் சொல்லும் நேர்மை இரண்டிற்கும் பொதுவாகும். ஆய்வேடு எழுதும் மாணவர் இதனைத் தம் கைவிளக்காகக் கொள்ளலாம்.

விதையும் விளைவும்

சரே பல்கலைக்கழகம் 1985இல் தனி நிறுவனம் ஒன்றைத் தோற்றுவித்துச் சிறு துணைக்கோள் செய்யும் கலையைப் பிற நாட்டவர்க்கும் பயிற்றியது. தென்கொரிய மாணவர்கள் அங்கு வந்து பயின்று உருவாக்கிய கிட்சாட் 1, 1992இல் விண்ணேறி அந்நாட்டின் முதற்கோளாயிற்று. மலேசியாவின் தியுங்சாட் 1, 2000இல் ஏவப்பட்டது. ஆர்வலர் வானொலிக் கருவியும் அதில் இடம்பெற்றது. அல்ஜீரியா, நைஜீரியா, துருக்கி ஆகிய நாடுகளும் இவ்வழியே பயின்றன.

நம் நாட்டில், 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஹாம்சாட் ஏவப்பட்டது. 42.5 கிலோ எடையுடைய அக்கோளில் இருந்த இரு வானொலிக் கருவிகளுள் ஒன்று இந்தியருடையது. மற்றொன்று நெதர்லாந்து மாணவர் ஒருவர் செய்தளித்தது. 2014 வரை, ஒன்பது ஆண்டுகள் அது உலக ஆர்வலர்க்குப் பயன்பட்டது. 2009 ஏப்ரல் 20 அன்று ஏவப்பட்ட 40 கிலோ எடையுள்ள அனுசாட், இஸ்ரோவின் வழிகாட்டுதலில் சென்னை அண்ணா பல்கலைக்கழகம் உருவாக்கியது. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று செய்த முதற்கோள் அதுவே. அதன் தரைநிலையம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் அமைந்தது. இராமேசுவரத்திலிருந்து சென்ற அப்துல் கலாம் வானூர்திப் பொறியியல் பயின்றது அவ்வளாகத்திலேதான். கன்னியாகுமரி மாவட்டம் குமாரகோவிலிலுள்ள நூருல் இஸ்லாம் பல்கலைக்கழகத்தின் 15 கிலோ எடையுள்ள நியூசாட், 2017 ஜூன் 23 அன்று விண்ணேறியது. பயிர்நிலை காணவும் பேரிடர்க் காலத்தில் உதவவும் அது அமைக்கப்பட்டது. சிறுபான்மைச் சமுதாயத்தார் நடத்தும் கல்வி நிலையத்தின் பெயரும் விண்வெளி வரலாற்றில் ஏறியிருப்பது நம் பெரியோர்க்கு மகிழ்ச்சியும் பொறுப்பும் தரும் செய்தியாகும். கட்டடம் எழுப்பும் கொடையோடு, கருவிக்கூடம் அமைக்கும் கொடையையும் நம் சமுதாயம் நினைத்தல் வேண்டும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. அறிவைப் பரப்புவோர் கேட்பவர் கையிலுள்ள எளிய கருவிக்கேற்பத் தம் குரலை அமைத்தல் வேண்டும். ஆற்றல் எவ்வளவு இருப்பினும், தன் பேச்சால் தன் செவியை அடைத்துக்கொள்வோரைத் திருத்துதல் அரிது. பேச்சிழந்தார் என்று ஒதுக்கப்படுவோரிடத்தும் கேட்கும் உயிர்ப்பு இருக்கக்கூடும். அதனைத் தேடிக் காண்பது கற்றோர் கடன்.

தமிழ் பயிலும் மாணவர்க்கு இவற்றுள் முதலாவது பெரிதும் உரியது. அறிவியலைத் தமிழில் சொல்வோமாயின், அகராதியைத் துணைக்கொண்டு மட்டுமே அவிழ்க்கத்தக்க நடையில் சொல்வது, பெருந்தட்டு ஆன்டெனா உடையவர்க்கு மட்டும் ஒலிபரப்புவதற்கு ஒப்பாகும். கலைச்சொல் செம்மையாக இருக்கட்டும். தொடர் தெளிவாக இருக்கட்டும். சிற்றூர்ப் பள்ளியில் காகிதமும் எழுதுகோலும் கொண்டு காத்திருக்கும் சிறுவனுக்கும் அது எட்டட்டும். அவ்வாறு எழுதும் ஆற்றலையும், எழுதுமுன் செவிசாய்க்கும் பணிவையும் நம் மாணவர்க்கு இறைவன் அருள்வானாக.